பழைய கணிப்பொறிக்குப் புதிய நினைவகம்

நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் இருப்பவை 2010ஆம் ஆண்டை ஒட்டி வாங்கிய மேசைக் கணிப்பொறிகள். ‘ராம்’ என்னும் நினைவகத்தைச் சற்றுக் கூட்டினால், மேல்நிலை வகுப்பினரின் பைத்தான் செய்முறைக்கு அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைத்தெரு இருப்பதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாங்கி வந்து பொருத்திய பின்னும் திரை இருண்டே கிடந்தால்?

முதலில் ராம் என்பது யாது எனக் காண்போம். அதன் சில்லுகளுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பிட் தகவலை மின்னூட்டமாகத் தாங்கும். ஓட்டைக் குடத்து நீர் போல அம்மின்னூட்டம் கசிந்துவிடும் என்பதால், பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை மீண்டும் நிரப்ப வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

திரை வராவிட்டால் பாகத்தைக் குறை கூறுமுன் பொருத்தியதைச் சோதிக்க வேண்டும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்ட பின்னரே ராமைத் தொடலாம். மார்கழிக் குளிரில் கம்பளிச் சட்டை அணிந்து வரும் நாம் இதை மறக்கலாகாது. கம்பளி உராய்வில் எழும் நிலைமின்னூட்டம் சில்லைக் கெடுத்துவிடும். பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூளை அகற்றி, இருபக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துக. இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பழுது எதிலென்று தெரிந்துவிடும்.

டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 முனைகள்தான். எனினும் முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5 வோல்ட். வெட்டுப்பள்ளம் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. வலிந்து அழுத்துவது வீண்.

நுழைந்தும் வேலை செய்யாத ராம்தான் நம்மைக் குழப்புவது. அக்காலத்து மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் இன்டெல் ஜி41 என்னும் சில்லுத்தொகுதி உண்டு. ஒரு நினைவகச் சில்லில் 2 கிகாபிட் வரைதான் அதற்கு முகவரி எண்ணத் தெரியும். 4 கிகாபைட் என்பது 32 கிகாபிட். அதனை 2 கிகாபிட் வீதம் பகிர்ந்தால் 16 சில்லுகள் வேண்டும். பின்னாளில் வந்த 4 கிகாபைட் ராம்கள் பலவற்றில் 4 கிகாபிட் சில்லுகள் எட்டே இருக்கும். அவற்றை இப்பலகையில் செருகினால் கணிப்பொறி விழிக்காது. விழித்தாலும் முழு அளவைக் காட்டாது. அதே ராம் சற்றுப் புதிய கணிப்பொறியில் நன்றாகவே ஓடும். எனவே கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, ராமும் பழுதன்று! பெற்றோர் தரும் பணத்தில் வாங்குமுன், பலகையில் அச்சிட்ட பெயரைக் குறித்துக்கொண்டு, ராமின் இருபுறமும் எவ்வெட்டுச் சில்லுகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்ப்பது நலம். இங்கே புதியதைவிடப் பழையதே உகந்தது என்பது வியப்புத்தான்.

4 கிகாபைட் போட்டும் விண்டோஸ் ஏறத்தாழ மூன்றேகால் மட்டுமே காட்டினால் அஞ்ச வேண்டாம். அது 32 பிட் விண்டோஸ். அதன் முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. அவற்றில் ஒரு பகுதியைத் திரைக்காட்சி முதலிய உறுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. செயலி இடங்கொடுத்தால் 64 பிட் வகையை நிறுவலாம்.

கடைசியாக, ‘மெம்டெஸ்ட்’ என்னும் இலவசச் சோதனை நிரலை மாலையில் ஓடவிட்டு மறுநாள் காலை பாருங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி தோன்றினாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.