தூக்காமல் விட்ட எடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ தங்கப் பதக்கத்தோடு நிற்கிற படத்தை நம்ம ஜிம் பசங்க ஆளுக்கொரு தடவை அனுப்பிவிட்டார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி உன் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். டேப்புக்கு வெளியே தோல் உரிந்திருந்தது. பாரோடு சேர்த்துக் கட்டைவிரலையும் மற்ற விரல்களால் அமுக்கிப் பிடிக்கிற நம் பிடியில் அது சகஜம். அந்த வலி பழகிவிடும். பழகக் கூடாத வலிகளும் உண்டு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இனிமேல் பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இப்போ எவ்வளவு தூக்குற?" அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக பிளேட் ஏற்றாதே.

நம் வேலூர் சதீஷ் சிவலிங்கத்தைப் பார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அதன் பிறகு தேசியப் போட்டியில் 194 கிலோவை கிளீன் அண்ட் ஜெர்க் செய்யப் போய்த் தொடையில் அடிபட்டது. 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குப் போனார். ஸ்னாட்ச்சில் 144, ஜெர்க்கில் 173. தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சிக்கு மேடையேறவே இல்லை. மொத்தத்தில் முன்பைவிட 11 கிலோ குறைவு. பதக்கம் அதே தங்கம். அவர் தூக்காமல் விட்ட அந்த ஒன்றுதான் எனக்குப் பெரிய பாடம்.

எனக்கு அந்தப் புத்தி இருந்ததில்லை. இருபத்தோரு வயதில், இடுப்பு வலியோடு, பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்களுக்காக இன்னும் ஐந்து கிலோ ஏற்றச் சொன்னேன். இன்றைக்கும் ஷூ லேஸ் கட்ட நாற்காலி தேவைப்படுகிறது.

முதல் முயற்சிக்குச் சொல்கிற எடை, காய்ச்சலோடு எழுந்து வந்தாலும் தூக்கக்கூடியதாக இருக்கட்டும். மூன்று முயற்சிகளும் தவறினால் கணக்கில் மொத்தமே கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் மீராபாய் சானுவுக்கு அதுதான் நடந்தது: ஸ்னாட்ச்சில் 82 கிலோ தூக்கியவருக்கு ஜெர்க்கில் மூன்றும் போனது. ஆனால் அடுத்த வருஷமே 194 கிலோவோடு உலக சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 202 கிலோவோடு வெள்ளி. ஒருநாள் வெறுங்கையோடு திரும்பினால் அழுதுவிட்டு வா. மறுநாள் காலையில் வெறும் 15 கிலோ பாரில் ஆரம்பி.

வளர்கிற வயது உனக்கு. பழைய எடைப்பிரிவிலேயே நிற்க வேண்டும் என்று இட்லியை எண்ணிச் சாப்பிடாதே. உடம்பு கேட்டால் அடுத்த பிரிவுக்குப் போ. யாராவது பவுடர் டப்பாவை நீட்டினால், "கோச்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வந்துவிடு. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவள் நீ. டப்பாவைக் கொடுத்தவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

பொங்கலுக்கு வரும்போது உன் பயிற்சி நோட்டைக் கொண்டு வா. நீ தூக்கிய எடைகளை ஊரே சொல்லிவிடும். 'இன்று வேண்டாம்' என்று நீ எழுதிவைத்த நாட்களைத்தான் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய மாஸ்டர்