அண்டை வீட்டாரும் எல்லை தாண்டிய கிளையும்



கடையில் ஒரு வெள்ளி குறைந்தால் அன்றிரவே பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டாரோடு பேச்சு வார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டால் அந்த நஷ்டத்தை எங்கே எழுதுகிறோம்?

இத்தகைய பகை பெரும்பாலும் சின்னக் காரியத்தில்தான் தொடங்குகிறது. வேலியோரம் ஒரு மாமரமோ ரம்புத்தான் மரமோ நிற்கிறது. கிளை அடுத்த வீட்டுக் கூரைமேல் படர்கிறது. சருகு விழுந்து கூரையோரத் தகரக் குழாயை அடைக்கிறது. மழைநீர் அதில் தேங்கினால் டெங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. "என் மரம்" என்கிறார் ஒருவர். "என் கூரை" என்கிறார் மற்றவர். மரத்துக்குரியவர் கடைக்குப் போன நேரம் பார்த்து மற்றவர் பாராங் கத்தியை எடுக்கிறார். பிறகு பெருநாளன்றும் இருவரும் முகம் பார்ப்பதில்லை.

ஆதலால், இதில் யாருக்கு என்ன உரிமை, எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதை இப்பாடத்தில் கவனிப்போம்.

மரம் யாருடையது?

மரம் யார் நிலத்தில் வேரூன்றி நிற்கிறதோ அவருடையது. கிளை வேலியைத் தாண்டியதால் உரிமை மாறாது. கிளையிலுள்ள பழமும் மரத்துக்குரியவரையே சேரும். அவர் அனுமதியின்றிப் பறிப்பது கூடாது.

ஆனால் நம் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயம் நம்முடையது. அங்கே பிறர் கிளை நுழைந்து இடைஞ்சல் செய்தால் அகற்றச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இருவரும் பணம் போட்டு எல்லையில் நட்ட மரமாயின் அது கூட்டுக் கடையைப் போன்றது. ஒரு பங்காளி மற்றவரைக் கேளாமல் சரக்கை விற்கலாகுமா? அவ்வாறே ஒருவர் சம்மதமின்றி மற்றவர் அம்மரத்தில் கத்தி வைக்கலாகாது.

மார்க்கம் காட்டும் வரிசை

அபூதாவூத் ஹதீஸ் நூலில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்குச் சொந்தமான பேரீச்ச மரம் இருந்தது. மரத்தைப் பார்க்க அவர்கள் வந்து போவது அங்கு குடும்பத்தோடு வாழ்ந்தவருக்குச் சங்கடமாயிற்று. வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. விற்றுவிடும்படி கேட்டார்கள், இசையவில்லை. வேறிடத்து மரத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டார்கள், இசையவில்லை. நன்மையை நாடி அன்பளிப்பாகக் கொடுக்கும்படியும் கேட்டார்கள், அதற்கும் இசையவில்லை. அதன் பின்னரே மரத்தை அகற்றும்படி தீர்ப்பளித்தார்கள். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் இதிலுள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். மூன்று வழிகள் கேட்டுப் பார்த்த பிறகே நான்காவதாக வெட்டு வந்தது.

ஷாபிஈ பிக்ஹு நூல்களிலும் இதே ஒழுங்கைக் காணலாம். கிளையை அகற்றும்படி முதலில் மரத்துக்குரியவரிடம் சொல்ல வேண்டும். மறுத்தால் கிளையை வளைத்துத் திருப்ப வேண்டும். அதற்கு இயலாவிட்டால்தான் வெட்டலாம்.

ஹனபி சட்டங்களைத் திரட்டித் துருக்கியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லாவும் கிளையை இழுத்துக் கட்டவோ வெட்டவோ கோரலாம் என்கிறது. ஆனால் நிழல் விழுந்து பயிர் கெடுகிறது என்பதற்காக மரத்தையே வெட்டக் கேட்கலாகாது என்றும் சொல்கிறது. இந்நூல் நமக்கு அந்நியமானதன்று. மலாயில் மொழிபெயர்க்கப்பட்டு 1913இல் ஜொகூரில் சட்டமாக வழங்கியது. ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்பதும் அதிலுள்ள விதியே. கூரையைக் காப்பாற்ற மரத்தைப் பட்டுப்போகச் செய்பவர் இவ்விதியை மீறுகிறார்.

நாட்டுச் சட்டம்

1894இல் இங்கிலாந்தில் முடிவான லெம்மன் - வெப் வழக்கின்படி, தன் நிலத்துக்குள் வந்த கிளையைத் தன் பக்கத்தில் நின்றபடியே முன்னறிவிப்பின்றி வெட்டலாம். எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஓர் அங்குலமும் போகலாகாது. ஆங்கிலப் பொதுச் சட்டம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்குவதால் இத்தீர்ப்பு இங்கும் எடுத்துக்காட்டப்படுவது.

அன்றியும், மரத்தையே வீழ்த்துவது வேறு காரியம். தீபகற்ப மலேசியாவில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வீழ்த்த நகராண்மைக் கழகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று நகர், கிராமத் திட்டச் சட்டம் கூறுகிறது.

முன்னறிவிப்பு வேண்டாம் என்று சட்டம் சொல்வதால் கேளாமல் வெட்டுவது அழகாகுமா? சட்டம் நம் கையைத் தடுக்கவில்லை. அண்டை வீட்டார் உரிமை தடுக்கிறது. அவர் மலாய்க்காரர், சீனர், இந்து யாராயிருப்பினும் அந்த உரிமை ஒன்றே.

பேசும் முறை

குற்றம் சாட்டித் தொடங்காதீர்கள். "பாய், பழம் பறித்து முடிந்ததும் கூரைமேல் உள்ள கிளையை மட்டும் கழித்து விடலாமா? கூலியில் பாதி நான் தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். இதில் காலம், அளவு, செலவு மூன்றும் அடங்கிவிட்டன. இணங்கியதை ஒரு சீட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வேலையன்று இருவரும் நின்று பாருங்கள்.

பேச்சு முறிந்தால் இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை அழையுங்கள். மலேசியாவில் ருக்குன் தெத்தாங்கா உண்டு. சிங்கப்பூரில் 1998 முதல் சமூக சமரச நிலையம் இயங்குகிறது. வழக்கு மன்றம் எல்லாவற்றுக்கும் பிந்தியது.

வெட்டும் முறை

ரம்புத்தான் கிளை நுனியில் காய்ப்பது. பூத்த பின் நுனியைக் கழித்தால் அந்தப் பருவத்துப் பழம் போகும். ஆகவே அறுவடை முடிந்த கையோடு கழிப்பதே நலம்.

பருத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தினால் அது தன் பாரத்தால் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுக்க வேண்டும். பின்பு அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுக்க வேண்டும். மீதித் துண்டைக் கிளை புறப்படும் இடத்திலுள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல், அதை ஒட்டி அறுத்தால் காயம் மூடும். ஒரு பக்கம் முழுவதையும் மொட்டையடித்தால் பாரம் மறுபக்கம் சேர்ந்து மரம் காற்றில் சாயவும் கூடும்.

மனத்தில் இருத்த வேண்டியவை

கேட்ட பிறகே கத்தி. இடைஞ்சல் செய்யும் கிளை மட்டுமே நம் வழக்கு, மரம் அன்று. பழம் மரத்துக்குரியவருக்கே, அவர் ஒரு கூடை கொடுத்தனுப்பினால் அது அவர் பெருந்தன்மை. மரம் வைத்திருப்பவரும், பக்கத்து வீட்டார் வந்து முறையிடும்வரை காத்திராமல், "கூரையில் சருகு விழுகிறதா?" என்று தாமே சென்று கேட்பது சிறப்பு.

தத்தம் மத்ஹபின் மஸ்அலா விவரங்களை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்க. அண்டை வீட்டார் நம்மால் நிம்மதியடையும்படி வாழ அல்லாஹ் நம்மனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.