தாய்மீனின் ஆகாரம்

அன்புள்ள தம்பிக்கு,

கட்லாவும் ரோகுவும் மிர்காலும் தாய்மீன்களாக வளர்த்துப் புதிதாகப் பொரிப்பகம் நடத்தத் தொடங்கியிருக்கும் நீ, முருங்கை இலை, அசோலா, சுருள்பாசி, வெந்தயம் என்று வரிசையாக எழுதி, இவற்றுள் எதைத் தீவனத்தில் கலந்தால் மீன் சீக்கிரம் பெருத்து முட்டையும் மிகுதியாக இடும் என்று கேட்டிருக்கிறாய். பெருப்பதையும் சினைப்படுவதையும் நீ ஒன்றாகச் சேர்த்துக் கேட்ட இடத்திலிருந்தே நான் தொடங்க வேண்டியிருக்கிறது. சந்தைக்குப் போகிற மீனுக்கு எடை போதும். சந்ததியைத் தரவேண்டிய மீனுக்கோ அந்த எடையே சில வேளைகளில் விரோதியாகிவிடும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் வரையறையின்றித் தின்று வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டிய கட்லா, பார்வைக்குச் சினை முற்றியது போலவே தோன்றி, முட்டையிடத் தூண்டும் ஊசி போட்ட இரவில் முட்டையிடாமல் கிடப்பதைப் பொரிப்பகத்தார் நன்றாக அறிவார்கள்.

1957 ஜூலை 10 அன்று ஒரிஸ்ஸாவின் அங்குலில் மீன் விஞ்ஞானிகளான ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பிறகுதான், மீன்குஞ்சுக்காக ஆற்று வெள்ளத்தையே நம்பியிருந்த நிலை நம் தேசத்தில் மாறத் தொடங்கியது. ஆயினும் அந்த ஊசி முற்றிய முட்டையை வெளிக்கொணருமே அன்றி, ஊட்டம் குறைந்த முட்டைக்கு ஊட்டம் தராது. மஞ்சட்கருவுக்கு வேண்டிய பொருள் தாயின் ஈரலில் உற்பத்தியாகி, இரத்தத்தின் வழியே சினைப்பையை அடைந்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்கிறது. ஆகவே ஆனியிலும் ஆடியிலும் பொரிக்கப்போகும் குஞ்சுக்குரிய போஷணை மாசி, பங்குனியிலேயே தாயின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். பருவம் நெருங்கியபின் அவசரமாகத் தூவும் பொடிகளால் பிரயோஜனம் மிகக் குறைவு.

பாசி என்ற ஒரே பெயரை நம்பி எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிவிடாதே. சுருள்பாசியின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 60 பங்கு அளவில் புரதமும், அதனோடு கரோட்டின் வகை நிறமிகளும் உண்டு என்பது மெய். ஆனால் கடல்மீனின் முட்டைக்கு இன்றியமையாத டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலம் அதில் கிடையாது. அதை ஐசோகிரைசிஸ் போன்ற கடல் நுண்பாசிகள் தருகின்றன. உன் கெண்டைகள் ஆளிவிதை எண்ணெயில் உள்ளதைப் போன்ற எளிய கொழுப்பமிலத்திலிருந்து அதைத் தம் உடம்பிலேயே ஓரளவு ஆக்கிக்கொள்ள வல்லவை. கொடுவாய்க்கும் கடல்விராலுக்கும் அந்தச் சக்தி மிகவும் குறைவாதலால், மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கடல்விராலின் தாய்மீன்களுக்கு மத்தியும் கணவாயும் ஊட்டுகிறார்கள். கடல்மீன் வளர்ப்பவருக்குச் சொன்ன யோசனையை நீ அப்படியே எடுத்துக்கொள்வது வீண் செலவு.

அசோலா மலிவானது, புல்கெண்டைக்குப் பிரியமானதுங்கூட. ஆனால் பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான் என்பதை மறந்து, கூடைக் கணக்கில் கொட்டிவிட்டுப் புரதம் நிறையக் கொடுத்துவிட்டதாகத் திருப்தியடைகிறவர்கள் பலர். முருங்கை இலையை நிழலில் உலர்த்து. வெயிலில் காய்ந்தால் எதற்காக அதைச் சேர்க்கிறாயோ அந்தக் கரோட்டினும் உயிர்ச்சத்து சி-யும் பெரும்பாலும் அழிந்துபோகும். திலேப்பியாவில் நடந்த பரீட்சை ஒன்றில், தீவனப் புரதத்தில் நூற்றுக்கு 10 பங்குவரை முருங்கை இலையால் ஈடுசெய்தபோது குறை தெரியவில்லை. அதற்கு மேற்பட்டபோது வளர்ச்சி தாழ்ந்தது.

இலையும் விதையும் இயற்கையின் பொருள்கள் என்பதனாலேயே தீங்கற்றவை என்று எவரேனும் சொன்னால் நம்பாதே. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் உள்ள காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் ஆண் உயிரணுவைக் கெடுப்பது. சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயில் சமைத்துண்ட சீனக் கிராமங்களில் ஆண்களுக்குச் சந்தான பாக்கியம் குன்றியதிலிருந்தே உலகம் அதைத் தெரிந்துகொண்டது. பப்பாளி விதையோ, கட்டுக்கடங்காமல் பெருகும் திலேப்பியாவின் இனவிருத்தியை அடக்குவதற்கென்றே பரீட்சிக்கப்பட்ட பொருள். சவுண்டல் இலையை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு உலர்த்தினால்தான் அதிலுள்ள மிமோசின் என்னும் நச்சு குறையும். மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சை கண்ட கடலைப் புண்ணாக்கை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், தாய்மீன் குளத்தருகே கொண்டுபோகாதே.

இனி உன் கண்ணையும் கையையும் பழக்கு. முற்றிய பெண்மீனின் வயிறு மெத்தென்று இருக்கும், கழிதுளை சற்றுச் சிவந்து புடைத்திருக்கும். ஆண்மீனின் மார்புத்துடுப்பை விரலால் தடவினால் சொரசொரப்புத் தட்டும், வயிற்றை மெல்ல அழுத்தினால் பால்போல் விந்து கசியும். இவை பக்குவத்தைக் காட்டுமே தவிர முட்டையின் குணத்தைக் காட்டா. கருவுற்ற முட்டை முத்துப்போல் தெளிந்திருக்க, கருவுறாதது வெளுத்து மங்கும். கருவுற்றவை எத்தனை, பொரித்தவை எத்தனை, மஞ்சட்கரு கரைந்த மூன்றாம் நாளில் உயிரோடு நீந்துகிறவை எத்தனை என்று மூன்று எண்களையும் ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே எழுதிவை. முட்டையின் தொகையை மட்டும் பார்த்து மகிழ்கிறவன் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறான்.

ஒரே வயதும் ஒத்த எடையும் உள்ள தாய்மீன்களை இரண்டு குளங்களில் பிரித்துவிட்டு, ஒன்றுக்கு வழக்கமான தீவனமும் மற்றதற்கு அதனோடு ஒரே ஒரு சேர்க்கையும் கொடு. நான்கு பொடிகளை ஒருங்கே கலந்துவிட்டால், பலன் கிடைத்தாலும் அது எதனால் என்று உனக்குத் தெரியாது. மீன்களை விடுவதற்கு முன்பே, தை பிறப்பதற்குள் இரு குளங்களையும் வற்றவிட்டுச் சுண்ணாம்பு இட்டுவிடு. தீவனப் பங்கீட்டை எடைக்கணக்கில் எழுதி அனுப்பினால், கலப்பதற்கு முன்பே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்