அஞ்சல் பெட்டி எங்கே இருக்கிறது?

மாணவர்களே! கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை. அதன் மின்னஞ்சல் சேவையகம் ஆலைக்குள்ளேயே இருப்பதாகக் கொள்வோம். திருவள்ளூரில் வீட்டிலிருக்கும் பொறியாளர் தம் கடிதங்களைப் படிப்பது எப்படி?

1984-இல் வந்த 'பாப்' முறை கடிதங்களை அவர் கணினிக்கு இறக்கும். வழக்கமாகச் சேவையகத்திலிருந்து நீக்கியும் விடும். பிறகு கைப்பேசியில் தேடினால் அவை கிடைக்கா. 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வகுத்த 'ஐமேப்' முறையில் கடிதங்கள் சேவையகத்திலேயே தங்கும், எக்கருவியிலும் காணலாம்.

ஐமேப்பின் வாயில் எண் 143. மறையாக்கமின்றி இதன் வழியே சென்றால், அஞ்சலட்டையில் எழுதியதைப் போலக் கடவுச்சொல்லை இடைவழியில் பிறர் படிக்கக்கூடும். 993-ஆம் வாயிலிலோ தொடக்கத்திலேயே மறையாக்கம் உண்டு. எனவே வெளியிலிருந்து வருவோர்க்கு 993-ஐ மட்டும் திறப்பதே பாதுகாப்பு.

சிந்தியுங்கள்: சேவையகத்தின் வட்டு பழுதானால் கடிதங்கள் என்னாகும்? படியெடுத்து வேறிடத்தில் வைப்பது ஏன் தேவை?