போர்க்களத்துக்குத் தவணை

கேள்வி: அமெரிக்காவில் பழைய போர்க்களங்களை ஓர் அறக்கட்டளை விலைக்கு வாங்குகிறதாமே? அது அரசின் வேலை இல்லையா?

பதில்: அரசின் வேலையும்தான். ஆனால் அங்கே பல போர்க்களங்கள் தனியார் நிலத்தில் இருக்கின்றன. சொந்தக்காரர் விற்றுவிட்டால் கிடங்கோ கடைத்தெருவோ முளைத்துவிடும். ‘அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் டிரஸ்ட்’ முந்திக்கொண்டு வாங்குகிறது. பொதுமக்களின் நன்கொடையோடு அரசு மானியமும் சேர்கிறது.

கெட்டிஸ்பர்க்கில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 ஜூலையில் தெற்குப் படைத் தளபதி லீ தலைமையகமாக வைத்திருந்த சிறிய கல்வீடு, பின்னாளில் ஒரு மோட்டல் வளாகத்துக்குள் சிக்கிக்கொண்டது. டிரஸ்ட் அந்த இடத்தை வாங்கி, மோட்டலை இடித்து, வீட்டைப் புதுப்பித்து 2016இல் திறந்துவைத்தது.

என்னை உருக்கியது ஃபிரெடரிக்ஸ்பர்க்கின் ‘ஸ்லாட்டர் பென்’ பண்ணைதான். 208 ஏக்கர், தொழிற்சாலைகள் வரவிருந்த நிலம். 2006இல் 1.2 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கடன் அடைந்து முடிய 2022 ஆகிவிட்டது. ஒரு வயலுக்காக இத்தனை வருடத் தவணை! கல்வெட்டு நட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. 1862 டிசம்பர் 13 அன்று வடக்குப் படை வீரர்கள் ஒதுங்க மறைவின்றி, சேற்றில் கால் புதைய, எதிரே ரயில் பாதையை நோக்கி நடந்தார்கள். அது எவ்வளவு தூரம் என்பது அந்த வயலில் நடந்தால்தான் காலுக்குத் தெரியும்.