நெற்சோற்றுக்குத் துணையாகும் பயறும் கௌபியும்



நாள் முழுவதும் வயலில் உழைப்போருக்குச் சோறு வலுவைக் கொடுக்கின்றது. ஆயினும், பிள்ளைகளின் உடல் வளர்வதற்கும், உழைப்பினால் தேய்ந்த உடல் சீர்ப்படுவதற்கும் புரதம் இன்றியமையாதது. மீனும் முட்டையும் நாள்தோறும் வாங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் இயல்வதன்று. பயறு, கௌபி, உழுந்து, கொள்ளு ஆகிய அவரையினத் தானியங்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கவல்லன.

லக்கலப் பகுதியில் பள்ளத்தாக்குகளில் நெல்லும், மலைச்சரிவுச் சேனைகளில் குரக்கனோடு பயறும் கௌபியும் விளைந்து வந்தன. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டிற் பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டபின் சேனை நிலம் சுருங்கியது. சேனையோடு பயறும் உணவுத் தட்டிலிருந்து நீங்கிவிடலாகாது. கடையில் வாங்கும் மைசூர்ப் பருப்பு வெளிநாடுகளிலிருந்து வருவது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அதன் விலை பெரிதும் உயர்ந்தமையை யாவரும் அறிவர். ஆதலின், வீட்டுக்கு வேண்டிய பயற்றை வயலிலேயே விளைவித்துக்கொள்ளுதல் நன்று.

உணவுச் சிறப்பு

1. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அதே நிறையுள்ள பயற்றிலும் கௌபியிலும் ஏறத்தாழ 24 கிராம் உண்டு.

2. அரிசிப் புரதத்தில் லைசீன் என்னும் கூறு குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றிற் குறைவாயுள்ள மெத்தியோனீன் அரிசியில் உண்டு. இவை இரண்டும் சேர, ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

3. இவற்றிலுள்ள போலேற்று என்னும் உயிர்ச்சத்தும் இரும்புச்சத்தும் கருவுற்ற தாய்மாருக்கு மிகவும் வேண்டியவை.

4. நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கும். சோற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பயற்றை உண்டால் குருதியிற் சர்க்கரை விரைந்து ஏறாது.

போஞ்சியும் பயிற்றங்காயும் நல்ல மரக்கறிகளே. ஆனால் அப்பசுங்காய்களில் நூறு கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவான புரதமே உண்டு. ஆகவே, அவை உலர்ந்த தானியத்துக்கு ஈடாகா.

பயிரிடுதல்

காலபோக நெல்லை மாசி, பங்குனியில் அறுவடை செய்தபின், சிறுபோகம் தொடங்குமுன் வயல் சிறிது காலம் வெறுமையாகக் கிடக்கும். மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு இவ்விடைக்காலத்திற் பயறு செய்யலாம். எம்.ஐ. 6 போன்ற குறுகியகால இனங்கள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முற்றும். நீர் தேங்கினாற் செடி அழுகுமாதலால் வடிகால் அமைத்தல் அவசியம். காய் பறித்தபின் செடிகளை உழுது புதைத்துவிடுக. வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலிருந்து பிடித்த நைதரசன், அடுத்து வரும் நெல்லுக்கும் ஓரளவு உரமாகும்.

வீட்டுக்கென ஒதுக்குதல்

விளைந்தது முழுவதையும் விற்றுவிடாதீர்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 கிராம் எனக் கொண்டால், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 73 கிலோகிராம் வேண்டும். அதனை முதலில் ஒதுக்கி, நன்கு வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, காற்றுப்புகாத கலத்தில் மூடிவைத்தால் வண்டு சேராது.

சமைக்கும் முறை

தானியத்தை இரவில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அவிக்கவும். இதனால் விறகும் மிச்சமாகும். வயிற்றுப் பொருமலும் குறையும். அவித்த பயற்றைத் தேங்காய்ப்பூவோடு காலையுணவாகவும், கௌபியைக் கறியாகவும், பயற்றைப் பாற்சோற்றிற் சேர்த்தும் உண்ணலாம். தேசிக்காய்ப்புளி சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவுண்டவுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து வீணாகும். ஒரு மணி நேரம் கழித்து அருந்துக.

எச்சரிக்கை

சிவப்புப் போஞ்சி விதையை அரைவேக்காட்டில் உண்ணலாகாது. அதிலுள்ள நச்சுப்பொருள் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். ஊறவைத்த நீரை அகற்றி, குறைந்தது 10 நிமிடமாவது நன்கு கொதிக்கவைத்து, பின்னர் மெதுவாகும்வரை அவிக்கவும். சிறுநீரக நோயுள்ளோர் பயறு வகைகளை எவ்வளவு உண்ணலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அடுத்த காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் ஒரு பாத்தியிலேனும் பயறு விதையுங்கள். அதன் முதற் பங்கு உங்கள் பிள்ளைகளுக்கு உரியதாகுக.