உள்ளங்கை ஆய்வகம்

செவிலிமேட்டருகே பாலாற்று மணலில் காந்தத்தை இழுத்தால் கருந்துகள்கள் ஒட்டிக்கொள்ளும். இரும்பு உண்டு என்று அது காட்டும். மணலில் காந்தத்திற்கு வசப்படாத இரும்புக் கனிமங்களைப் பற்றி ஒன்றும் கூறாது. 2023இல் நிலவில் ஊர்ந்த பிரக்யானின் கருவிகள் மேலும் நுட்பமானவை. எனினும் அவை நேராக அளந்தவை இரும்பு முதலிய தனிமங்களையே. கனிமங்களை அவ்வளவுகளிலிருந்து உய்த்துணர வேண்டும்.

இரும்பு எக்கனிமத்தில் எந்நிலையில் உள்ளது என்பதை நேரே வினவுவது மோஸ்பவர் நிறமாலைமானி. கோபால்ட்டு-57 என்னும் கதிரியக்க மூலத்தை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைத்தால், அது உமிழும் காமாக்கதிரின் ஆற்றல் மிக நுண்ணிய அளவில் மாறும். குறிப்பிட்ட சில வேகங்களில் மட்டுமே பாறையிலுள்ள இரும்பின் அணுக்கருக்கள் அக்கதிரை ஏற்கும். அவ்வேகங்களின் வரிசை கனிமத்திற்குக் கனிமம் வேறுபடும்.

ஆய்வகத்தில் மேசையை நிறைக்கும் இக்கருவியை, செருமனியின் மைன்ஸ் நகரில் கோஸ்டார் கிளிங்கல்ஹோபர் குழுவினர் ஏறத்தாழ அரைக்கிலோவாகச் சுருக்கினர். 2004இல் ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயின் மெரிடியானி சமவெளிப் பாறைமீது அதைப் பொருத்தியபோது ஜாரோசைட்டு வெளிப்பட்டது. ஐதராக்சிலைத் தன் கட்டமைப்பிலேயே கொண்ட இவ்விரும்புச் சல்பேட்டு அமில நீரில் உருவாவது. இன்று வறண்டு கிடக்கும் அந்நிலத்தில் ஒருகாலத்தில் நீர் இருந்தமைக்கு அதுவே வலிய சான்றாயிற்று.

தொண்ணூறு செவ்வாய் நாள்களுக்கென அனுப்பிய ஊர்தி ஆண்டுக்கணக்கில் ஓடியது. கோபால்ட்டோ 271 நாள்களுக்கொருமுறை பாதியாகத் தேய்ந்தது. தொடக்கத்தில் சில மணி நேரத்தில் முடிந்த அளவீடு, பின்னாளில் வாரக்கணக்கில் நீண்டது.